பழைய கிராமபோன் தட்டுகள்: சேர்ப்பது, சீர் செய்வது, பகிர்வது

பழைய இசைத்தட்டுகளில் பாதி வயதால் கெடுவதில்லை, புது உரிமையாளர் கைக்கு வந்த முதல் வாரத்தில் நடக்கும் உபசாரத்தால் கெடுகின்றன. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒரு துடைப்பு, பரணிலிருந்து இறக்கிய மெஷினில் பழைய ஊசியோடு ஒரு ஓட்டம், நெளிவு எடுக்கவென்று வெயிலில் அரை மணி நேரம். எண்பது ஆண்டு தாங்கிய தட்டை முடித்துவிட இவற்றில் ஒன்றே போதும். எனவே முதலில் தட்டு எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். பிறகு கழுவி, ஒலியைக் கணினியில் ஏற்ற வேண்டும். சூடு, பசை போன்ற திரும்ப முடியாத வேலைகள் எல்லாம் கடைசியில்தான்.

எதனால் ஆன தட்டு?

நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் ஓடுவதெல்லாம் ஒரே பொருள் அல்ல. பெரும்பான்மை அரக்குத் தட்டுகள். பெயர் அரக்கு என்றாலும் அதில் அரக்கின் பங்கு பொதுவாக மூன்றில் ஒன்றைத் தாண்டாது. மீதி கல்மாவு, கரித்தூள், கொஞ்சம் பஞ்சு இழை. அந்தக் கல்மாவு வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது: இரும்பு ஊசியை முதல் சில சுற்றுகளிலேயே தேய்த்து, வரியின் (ஊசி ஓடும் பள்ளத்தின்) வடிவத்துக்குக் கொண்டுவருவது அதன் வேலை. அரக்குத் தட்டில் எப்போதும் கேட்கும் 'சர்ர்ர்' என்ற அடி இரைச்சலுக்குக் காரணமும் அதுவே. அதை முழுக்கப் போக்க எந்தச் சோப்பாலும் ஆகாது.

அரக்குத் தட்டு கனமாக, வளையாமல், விரல் முட்டியால் மெல்லத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். வினைல் தட்டு இலகுவாக, கொஞ்சம் வளைந்து கொடுக்கும், தட்டினால் மந்தமாக ஒலிக்கும். 1940-களிலிருந்து வினைலில் அழுத்திய 78 தட்டுகளும் உண்டு. ஆகவே வேகத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது.

மூன்றாவது வகை லாக்கர் தட்டு, அதாவது வானொலி நிலையங்களிலும் ஸ்டூடியோக்களிலும் நேரடியாக வெட்டிய ஒற்றைப் பிரதி. நடுத் துளையின் ஓரத்திலோ தட்டின் விளிம்பிலோ அலுமினியம் மினுங்கும், லேபிள் பெரும்பாலும் கையெழுத்தில் இருக்கும், நடுத் துளைக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒன்று முதல் மூன்று துளைகள் இருக்கலாம். மேலே வெள்ளையாக எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால் லாக்கரில் சேர்த்த விளக்கெண்ணெய் சிதைந்து கொழுப்பமிலமாக வெளியே வருகிறது என்று பொருள். அலுமினியத்தின் மேலுள்ள அந்த லாக்கர் பூச்சு சுருங்கி, வெடித்து, ஓடு ஓடாக உரிந்துவிடும். சேகரிப்பில் முதலில் கணினியில் ஏற்ற வேண்டியவை இவைதான். வேறு பிரதியே இருக்காது.

நான்காவது, எடிசன் டைமண்ட் டிஸ்க். 1912 முதல் 1929 வரை வந்தது. கால் அங்குலத் தடிமன், தூக்கினாலே தெரிந்துவிடும். இதில் வரி பக்கவாட்டில் அசையாமல் மேலும் கீழுமாக அலைகிறது. சாதாரண கிராமபோனில் போட்டால் பாட்டு வராது, தட்டுதான் தேயும். பாத்தே நிறுவனத்தின் பழைய தட்டுகளும் இதே மேல்கீழ் வகைதான்.

கொலம்பியா நிறுவனத்தின் 1920-களின் தட்டுகள் பல, நடுவில் மட்டமான கலவையும் இரு முகத்திலும் காகிதத்தின் மேல் நயமான அரக்கும் வைத்த அடுக்குத் தட்டுகள். இவற்றின் அடி இரைச்சல் மற்றவற்றைவிடக் குறைவு. ஆனால் மேல் முகத்தில் மயிரிழை விரிசல் விட்டிருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கி அடுக்கு பிரியும்.

வாங்கும்போது

தட்டைச் சன்னல் வெளிச்சத்துக்குச் சாய்வாகப் பிடித்துத் திருப்புங்கள். நேராகப் பார்த்தால் எல்லாத் தட்டும் கறுப்புதான். சாய்த்துப் பார்க்கும்போது வரிகள் சாம்பல் பூத்தாற்போல இருந்தால் ஊசி சுவரைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். சாம்பல் நிறம் முதலில் வருவது ஒலி உரத்த இடங்களிலும் லேபிளை ஒட்டிய கடைசிச் சுற்றுகளிலும். அந்த உள்வட்டத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் இரும்பு ஊசி தேய்ந்து உளியாகிவிடுகிறது. ஆகவே விளிம்பை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது, உள்வட்டத்தைப் பார்க்க வேண்டும். அளவுக்கு மீறிப் பளபளக்கும் தட்டும் சந்தேகத்துக்குரியது. எண்ணெயோ பாலிஷோ போட்டு மினுக்கியிருப்பார்கள்.

விரிசலுக்கு, நடுத் துளையில் ஒரு விரலை நுழைத்துத் தட்டைத் தொங்கவிட்டு, விளிம்பை மறு கையால் லேசாகச் சுண்டுங்கள். முழுத் தட்டு மணி போல ஒலிக்கும், விரிசல் விட்டது கரகரக்கும். பிறகு விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டினால் எங்கே என்று தெரியும்.

தரக் குறியீட்டில் குழப்பம் நிறைய. 78 தட்டுச் சேகரிப்பாளர்கள் பயன்படுத்துவது என் (புதியது), இ, வி, ஜி, எஃப், பி (மோசம்) என்று இறங்கும் வி.ஜே.எம். (வின்டேஜ் ஜாஸ் மார்ட் இதழின்) அளவுகோல். எல்.பி. (பிற்கால வினைல் நீள்தட்டு) உலகின் 'வெரி குட் பிளஸ்' தரம் அதில் எங்கே விழும் என்பது விற்பவரின் மனசாட்சியைப் பொறுத்தது. எழுத்தை நம்பாமல் சாய்வு வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள். லேபிள் படம் மட்டும் அனுப்பினால் வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

அஞ்சலில் வருவதானால் பொதி கட்டும் விதத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. தட்டைக் காகித உறையில் போட்டு, தட்டைவிட எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் பெரிய நெளி அட்டை இரண்டுக்கு நடுவே வைக்க வேண்டும். ஒரு அட்டையின் நெளிவரி நெடுக்காகவும் மற்றதன் வரி குறுக்காகவும் இருக்கட்டும். அப்போதுதான் எந்தப் பக்கமும் மடங்காது. நான்கு ஓரத்தையும் டேப்பால் ஒட்டி, குமிழ்த்தாள் சுற்றி, அதைவிடப் பெரிய பெட்டிக்குள் சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் மெத்தை விட்டு வைக்க வேண்டும். பழைய ஆல்பத்துக்குள் செருகி அப்படியே அனுப்பினால் முதுகுப் பக்கத்து விளிம்பு கட்டாயம் சில்லு பெயரும்.

கழுவுதல்

அரக்கு ஆல்கஹாலில் கரையும். மரச்சாமான் பாலிஷே அப்படித்தான் செய்கிறார்கள். ஆகவே ஸ்பிரிட், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அது கலந்த எல்.பி. சுத்திகரிப்பான் எதுவும் அரக்குத் தட்டின் பக்கம் வரக் கூடாது. இதைப் பலர் அறிவார்கள். காரத்திலும் அரக்கு கரையும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம், சோடா உப்பு, வெண்காரம் எல்லாமே வரியின் மேல் முகத்தை மங்கலாக்கிவிடும்.

தேவையானவை: காய்ச்சி வடித்த நீர் ஒரு லிட்டர், அதில் புகைப்படக் கூடத்தில் பயன்படும் போட்டோ-ஃப்ளோ என்ற ஈரமாக்கும் திரவம் 5 மில்லி, அல்லது மணமும் நிறமும் இல்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு. நீர் கைக்கு வெதுவெதுப்பாகக்கூட இருக்க வேண்டாம், அறை வெப்பநிலை போதும். மென்மையான ஆட்டு மயிர்த் தூரிகை அல்லது மிக மெல்லிய நைலான் இழை கொண்ட தூரிகை, இழை உதிராத மைக்ரோஃபைபர் துணி இரண்டு, வடியவைக்க ஒரு தாங்கி.

முதலில் உலர்ந்த தூரிகையால் மேல்தூசியைத் தட்டிவிடுங்கள். தூசியோடு நனைத்தால் அது சேறாகி வரிக்குள் இறங்கும். பிறகு லேபிளுக்குக் காப்பு. அடியில் ரப்பர் வளையம் உள்ள, லேபிளைவிடச் சற்றே பெரிய மூடி ஒன்றை அழுத்திப் பிடித்தால் போதும். பழைய லேபிள்கள் பசையில்லாமல் அழுத்தத்திலேயே ஒட்டியவை. நீர் ஏறினால் ஓரம் தூக்கும், சிவப்பும் ஊதாவும் கசியும். கலவையைத் தட்டின் மேல் தெளித்து, வரி ஓடும் திசையிலேயே வட்டமாகத் தேயுங்கள். குறுக்கே ஒரு இழுப்புகூட வேண்டாம். ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு தூரிகையின் நுனியைப் பார்த்தால் கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். கறுப்பு என்றால் இரும்பு ஊசி அரைத்த தூள், பழுப்பு என்றால் அழுக்கும் பூஞ்சணமும். நுனி நிறம் மாறாமல் வரும்வரை தூரிகையை அலசி அலசித் தேய்க்க வேண்டும். பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரால் இரண்டு முறை அலசல். சோப்பு மிச்சமிருந்தால் உலர்ந்து வரியில் படிந்து பொரிச் சத்தமாகத் திரும்பி வரும்.

மொத்தத்தில் ஒரு முகம் ஈரமாக இருப்பது இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. உள்ளே இருக்கும் பஞ்சு இழை நீரை உறிஞ்சி உப்பும். வாளியில் ஊறப் போடுவது, குழாய்த் தண்ணீரில் காட்டுவது இரண்டும் வேண்டாம். குழாய் நீரின் உப்பு உலர்ந்ததும் வரியில் படிகமாக நிற்கும். துணியால் வரியோடு ஒற்றி எடுத்து, நிமிர்த்தி வைத்து, நிழலில் குறைந்தது இரண்டு மணி நேரம் உலரவிட்டுப் புது உறையில் போடுங்கள். ஈரத்தோடு உறைக்குள் போன தட்டில் பூஞ்சணம் நிச்சயம்.

பூஞ்சணம் பிடித்த தட்டுகளைத் திறந்த வெளியில், என்-95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு தூரிகையால் தட்டிய பிறகே வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். பழைய உறையைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். தூக்கிப் போடுமுன் அதில் உள்ள விற்பனையாளர் முத்திரை, விலைப்பட்டி, கைக்குறிப்பு எல்லாவற்றையும் படம் எடுத்துவிடுங்கள். தட்டு எங்கே, எப்போது விற்றது என்பதற்குப் பல நேரம் அது ஒன்றுதான் சாட்சி.

எடிசன் டைமண்ட் டிஸ்குக்கு விதி தலைகீழ். அதன் உட்பகுதி தண்ணீர் பட்டால் உப்பி மேல்தோல் பிரியும், ஆனால் மேல்தோலை ஆல்கஹால் ஒன்றும் செய்யாது. துணியில் மிகக் கொஞ்சம் நனைத்துத் துடைக்கலாம். வினைல் தட்டுக்கு இரண்டும் ஒத்துக்கொள்ளும். லாக்கர் தட்டில் மட்டும் கை வைக்காமல், முடிந்தால் ஆவணக் காப்பகத்தில் பழகியவரிடம் கொடுப்பதே நல்லது.

ஓட்டுதல்

கைச்சாவி கிராமபோனில் கேட்க ஆசைப்பட்டால் விதி ஒன்றே: ஒரு முகத்துக்கு ஒரு புது இரும்பு ஊசி. இரண்டாம் முகத்துக்கு அதே ஊசியை வைத்தால், தேய்ந்து பட்டையான முனை வரியின் சுவரைச் செதுக்கும். ஊசியைப் பிடித்திருக்கும் சவுண்ட் பாக்ஸின் கனம் நூறு கிராமுக்கு மேல். அந்தக் கனத்தின் கீழ் வினைலோ லாக்கரோ எல்.பி.யோ ஒரே ஓட்டத்தில் பாழ். அரிய தட்டையும் அதில் போட வேண்டாம், அது எவ்வளவு அழகான குழலாக இருந்தாலும் சரி.

ஒலியை எடுக்க வேண்டிய இடம் மின் டர்ன்டேபிள். 78 தட்டின் வரி மேல் முகத்தில் ஏறத்தாழ 150 மைக்ரான் அகலம், எல்.பி. வரி அதில் பாதியளவுகூட இருக்காது. எல்.பி.க்கான 1 மில் ஸ்டைலஸ் (ஸ்டைலஸ் என்பது வரியில் ஓடும் முள்முனை, மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) 78 வரியின் அடியில் போய் உட்கார்ந்து, அங்கே சேர்ந்திருக்கும் தூளைத்தான் வாசிக்கும். 78-க்கு 3 மில், அதாவது 76 மைக்ரான் ஸ்டைலஸ் வேண்டும். முள் அழுத்தம் கார்ட்ரிட்ஜைப் (ஸ்டைலஸைப் பிடித்திருக்கும் பகுதியை) பொறுத்து 3 முதல் 5 கிராம். குறைவாக வைத்தால் தட்டுக்கு நல்லது என்று நினைப்பது தவறு. அழுத்தம் போதாமல் துள்ளும் ஸ்டைலஸ்தான் சுவரை அடித்துக் கெடுக்கிறது.

இதற்கு மேல் செலவழிக்க முடிந்தால் அதை ஸ்டைலஸிலேயே செலவழியுங்கள், மென்பொருளில் வேண்டாம். இரும்பு ஊசி வரிச் சுவரின் ஒரு குறிப்பிட்ட உயரத்தைத்தான் தேய்த்திருக்கும். 2.5, 2.8, 3.0, 3.5 மில் என நான்கு அளவு கையில் இருந்தால், தேய்ந்த இடத்துக்கு மேலேயோ கீழேயோ ஓடும் ஒன்று கிடைக்கும். ஒரே தட்டின் ஒரே நிமிடத்தை நான்கிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். 3 மில்லில் கரகரத்த குரல் 3.5-ல் தெளிந்து வருவது சாதாரணம். எந்த நாய்ஸ் ரிடக்‌ஷனும் இந்தத் தெளிவைத் தராது. கிழிந்த சுவரை மென்பொருளால் தைக்க முடியாது, கிழியாத சுவரைத் தேடிப் போக ஸ்டைலஸால் முடியும்.

நடுத் துளை மையத்தில் இல்லாத தட்டுகள் ஏராளம். டோன் ஆர்மை (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையை) மேலிருந்து பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை இடமும் வலமும் ஊசலாடினால் மையம் விலகியிருக்கிறது. நீண்ட சுரங்கள் அலை அலையாக ஏறி இறங்குவது இதனால்தான். துளையை அறுத்துப் பெரிதாக்கும் வழக்கம் உண்டு, வேண்டாம். ரப்பர் மேட் இரண்டு மூன்றை அடுக்கி, தட்டு சுழல் முள்ளின் நுனிக்கு மேலே உட்காரும்படி செய்யுங்கள். ஆர்ம் எந்தப் பக்கம் விலகுகிறதோ பார்த்து, தட்டின் விளிம்பை விரலால் அரை மில்லிமீட்டர் அளவில் நகர்த்தி நகர்த்தி, ஆர்ம் அசையாமல் உள்ளே செல்லும் இடத்தில் நிறுத்துங்கள். மேட் அடுக்கிய உயரத்துக்கு டோன் ஆர்மின் உயரத்தையும் ஏற்ற வேண்டும்.

வேகம் தனிக் கதை. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் 78.26 சுற்றும் 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் 77.92 சுற்றும் நிலைபெற்றன. மோட்டாரும் பற்சக்கரமும் அப்படி அமைந்தன, அவ்வளவுதான். வேகம் பார்க்க மேலே வைக்கும் ஸ்ட்ரோப் தட்டில் 60 ஹெர்ட்ஸுக்கு 92 கோடுகளும் 50 ஹெர்ட்ஸுக்கு 77 கோடுகளும் இருக்கும். அந்த மின்சாரத்தில் எரியும் குண்டு பல்பின் அடியில் கோடுகள் நின்றால் வேகம் சரி. 1925-க்கு முந்தைய, மின்சாரம் இல்லாமல் குழல் வழியாகப் பதிந்த தட்டுகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. 70-க்கும் 82-க்கும் இடையில் எதுவும் இருக்கலாம், அதற்கு வெளியேயும் உண்டு. 78-ல் ஓட வேண்டியதை 73.6-ல் ஓட்டினால் ஒலி அரைச்சுரம் முழுக்க இறங்கிவிடும், குரல் கனத்துக் கேட்கும். பின்னணியில் ஆர்மோனியமோ பியானோவோ இருந்தால் அதை அளவாக வைத்துச் சரிசெய்யலாம். இல்லாவிட்டால் அதே பாடகரின் பிற்காலப் பதிவோடு ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வந்து, எந்த வேகத்தைத் தேர்ந்தீர்கள் என்று எழுதி வைக்க வேண்டும்.

கணினியில் ஏற்றுதல்

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ. மோனோ தட்டுக்கு ஸ்டீரியோ எதற்கு என்றால், வரியின் இரு சுவரும் ஒரே அளவு தேய்ந்திருக்காது. இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்தால், பின்னால் நல்ல சுவரை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் நன்றாக இருந்தால் கூட்டிவிடுங்கள்: பக்கவாட்டில் அசையும் பாட்டு இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் கூடும், மேலும் கீழுமான இரைச்சல் எதிரெதிராக இருப்பதால் கழியும். எடிசன், பாத்தே தட்டுகளுக்கு இதையே திருப்பி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும். ஒரு முகம் மூன்றரை நிமிடம் ஓடினால் கோப்பு ஏறத்தாழ 120 மெகாபைட் வரும். ஒலி அளவை உச்சம் மைனஸ் 10 டெசிபல் அருகில் நிற்கும்படி வையுங்கள். விரிசலின் 'டிக்' பாட்டைவிட உரத்தது, அது அளவு மீறித் தலை தட்டினால் பின்னால் அதை அடையாளம் கண்டு நீக்குவது கடினம். பாட்டு தொடங்குமுன் உள்ள வெற்றுச் சுற்றுகளையும் முடிந்த பின் உள்ளவற்றையும் சேர்த்தே பதியுங்கள்.

இங்கே பலர் வழுக்குவது ஈக்வலைசேஷனில், அதாவது பதியும்போது ஏற்றி இறக்கிய தாழ்சுர, உயர்சுர அளவுகளை ஓட்டும்போது ஒரு வளைவால் சமன்செய்வதில். இன்றைய ஃபோனோ ப்ரீஆம்ப் (டர்ன்டேபிளின் ஒலியைப் பெருக்கும் கருவி) எல்லாம் 1954-ல் நிலைபெற்ற ஆர்.ஐ.ஏ.ஏ. (அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம்) வளைவைப் போடுகின்றன. அது 10 கிலோஹெர்ட்ஸில் 13.7 டெசிபல் குறைக்கும். 78 தட்டுகள் பலவற்றில் அந்த அளவு உயர்சுரத்தை ஏற்றிப் பதியவே இல்லை, எனவே ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கும். எந்த வளைவும் போடாத ஃபிளாட் ப்ரீஆம்ப் இருந்தால் சிக்கல் இல்லை. இல்லாதவர்கள் சாதாரண ப்ரீஆம்பிலேயே எடுத்து, மென்பொருளில் தலைகீழ் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவைப் போட்டுக் கழித்துவிடலாம். பிறகு தட்டுக்குரிய வளைவு: குழல் வழிப் பதிவுகளுக்கு எதுவும் வேண்டாம், ஹெச்.எம்.வி.யின் மின் பதிவுகளுக்குப் பொதுவாக 250 ஹெர்ட்ஸ் திருப்புமுனையும் (அதற்குக் கீழே தாழ்சுரத்தை ஏற்ற வேண்டும்) உயர்சுரக் குறைப்பு இல்லாததும் நல்ல தொடக்கம், அமெரிக்கத் தட்டுகள் பலவற்றுக்கு 500. இவை தொடக்கப் புள்ளிகள்தான், முடிவு காதின் கையில்.

டர்ன்டேபிளில் 78 வேகம் இல்லையென்றால் 45-ல் ஓட்டிப் பதிந்து, கணினியில் 1.733 மடங்கு வேகமாக்கலாம். வரிசை முக்கியம்: முதலில் தலைகீழ் ஆர்.ஐ.ஏ.ஏ., பிறகு வேகம், அதன் பின் தட்டின் வளைவு. வேகத்தை முதலில் மாற்றினால் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவும் சேர்ந்து நகர்ந்துவிடும், பிறகு அதைச் சரியாகக் கழிக்க முடியாது. நெளிந்த தட்டுகளுக்கும் ஒட்டுப்போட்ட தட்டுகளுக்கும் இந்த மெதுவான ஓட்டம்தான் சிறந்தது.

டர்ன்டேபிளிலிருந்து பதிந்த முதல் கோப்பை அப்படியே வேவ் அல்லது ஃபிளாக் வடிவில் பூட்டி வையுங்கள். சுத்தம் செய்வதெல்லாம் நகலில்.

நகலில் முதல் வேலை 'டிக்' நீக்கம். தட்டின் வளைவைப் போடுவதற்கு முன்பே செய்ய வேண்டும், ஏனென்றால் வளைவு போட்ட பிறகு கூர்மையான டிக் அகன்று பாட்டோடு கலந்துவிடும். பெரிய டிக்குகளைக் கையாலேயே நீக்குங்கள். ஆடாசிட்டி என்ற இலவச ஒலித் திருத்த மென்பொருளின் 'ரிப்பேர்' கருவி ஒரு முறைக்கு 128 சாம்பிள் வரை திருத்தும், பெரும்பாலானவற்றுக்கு அது போதும். தானியங்கி நீக்கியை மெல்லப் போடுங்கள். மிருதங்கச் சாப்பையும் வீணையின் மீட்டலையும் அது டிக் என்று எண்ணித் தின்றுவிடும். அடுத்து அடி இரைச்சல். தொடக்கத்து வெற்றுச் சுற்றுகளை மாதிரியாகக் காட்டி 6 டெசிபல் குறையுங்கள், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். 'ரெசிட்யூ' என்ற தெரிவை அழுத்தினால் எது நீக்கப்படுகிறதோ அது மட்டும் கேட்கும். அதில் வெறும் இரைச்சல் இருந்தால் சரி. ச, ஸ, த போன்ற மெய்யொலிகள் முணுமுணுத்தால் பாடகரின் உச்சரிப்பை அறுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இரைச்சலே இல்லாமல் தண்ணீருக்கடியில் பாடுவதுபோல் ஆக்கப்பட்ட பதிவுகளைவிட, கொஞ்சம் சர்ரென்று ஓடும் பதிவே எப்போதும் மேல்.

நெளிவும் விரிசலும்

சோற்றுத்தட்டு போலக் குழிந்த தட்டை அப்படியே ஓட்டிவிடலாம். ஸ்டைலஸ் துள்ளும் அளவு நெளிந்ததை மட்டும் சீர்செய்யுங்கள். அதுவும் சாதாரண அரக்குத் தட்டை மட்டும். அடுக்குத் தட்டு, லாக்கர், எடிசன் மூன்றுக்கும் சூடு கூடாது.

35 சென்டிமீட்டர் சதுரத்தில், 6 மில்லிமீட்டர் தடிமனில் டஃபன் செய்த (உறுதியாக்கிய) கண்ணாடி இரண்டு வேண்டும். தட்டைக் கழுவி, முழுக்க உலர்த்தியிருக்க வேண்டும், ஒரு மணல் துகள் இருந்தாலும் அது வரியில் பதிந்து நிற்கும். கீழ்க் கண்ணாடியின் மேல் தட்டை வைத்து, மேல் கண்ணாடியை அவனில் (மின் சூட்டடுப்பில்) தனியாகப் பக்கத்தில் வைத்து, 50 டிகிரி செல்சியஸ் வரை மெல்ல ஏற்றுங்கள். அவனின் குமிழை நம்ப வேண்டாம், உள்ளே தனி வெப்பமானி வையுங்கள். 60-ஐ நெருங்கினால் வரிகள் தட்டையாகத் தொடங்கும். தட்டு தன் கனத்திலேயே தளர்ந்து படிந்த பிறகுதான் மேல் கண்ணாடியை வைக்க வேண்டும். குளிர்ந்த தட்டின் மேல் வைத்தால் பட்டென்று உடையும். அந்தக் கண்ணாடியே 1.8 கிலோ, வேறு கனம் தேவையில்லை. ஐந்து நிமிடத்தில் அவனை அணைத்து, கதவைத் திறக்காமல், முழுக்க ஆறும்வரை விடுங்கள். அவசரப்பட்டு எடுத்தால் பழைய நெளிவுக்கே திரும்பும்.

விளிம்பில் தொடங்கிய மயிரிழை விரிசல் உள்ளே நீளாமல் தடுக்க, தண்ணீர் போல ஓடும் சூப்பர் க்ளூ ஒரு சொட்டை ஊசி முனையால் விளிம்பின் தடிமனில், பக்கவாட்டில் மட்டும் வைக்கலாம். விரிசலே அதை உறிஞ்சிக்கொள்ளும். வரியுள்ள முகத்தில் ஒரு துளி வழிந்தாலும் அந்த இடம் போயிற்று.

இரண்டு மூன்று துண்டாக உடைந்ததை ஒட்டவே வேண்டாம். சமமான மேட்டின் மேல் துண்டுகளைப் பொருத்தி, விளிம்பைச் சுற்றி ப்ளூ டாக் (ஒட்டும் களிமண் போன்றது) உருண்டைகளால் பிடிக்கவையுங்கள். உடைப்பின் குறுக்கே வரிகள் நேராகத் தொடர்கின்றனவா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். ஒரு வரி தள்ளி உட்கார்ந்தால் பாட்டு அதே இடத்தில் சுற்றும், இல்லையேல் தாவும். உயரம் ஒத்துவராவிட்டால் சுழலும் திசையில் ஸ்டைலஸ் படி இறங்கும்படி, ஏறாதபடி, கீழ்ப்பக்கம் காகிதச் சீட்டு செருகிச் சரிசெய்யுங்கள். மோதி ஏறும் ஸ்டைலஸ் முனை ஒடியும். உடைப்புகள் சுற்றுக்கு ஒரு முறை ஒழுங்காக 'டக்' என்று ஒலிக்கும். ஒழுங்காக வருவதால் நீக்குவதும் எளிது.

வைக்கும் இடம்

நிமிர்த்தி, நெருக்கமாக, ஆனால் இறுக்காமல், பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கெட்டித் தடுப்புப் பலகை. படுக்கப் போட்டு அடுக்கினால் கீழே உள்ளவை விரிசல் விடும். 10 அங்குலமும் 12 அங்குலமும் கலக்க வேண்டாம், பெரியதன் நடுவில் மட்டும் அழுத்தம் விழுந்து வளையும். அமிலமில்லாத காகித உறை போடுங்கள், பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே பூட்டும். 20 டிகிரி செல்சியஸ், 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் நல்லது. அது முடியாவிட்டாலும் ஏறி இறங்காமல் ஒரே நிலையில் இருப்பது முக்கியம். நூறு தட்டு இருபது கிலோவைத் தாண்டும், மெல்லிய அலமாரிப் பலகை அதைத் தாங்காது.

பகிர்தல்

தட்டில் இரண்டு எண்கள் உண்டு. லேபிளில் பெரிதாக இருப்பது விற்பனை எண். லேபிளைச் சுற்றியுள்ள வெற்று இடத்தில் பொறித்திருப்பது மேட்ரிக்ஸ் எண், அதுதான் அந்தப் பதிவின் அடையாளம். ஒரே விற்பனை எண்ணில் வேறு 'டேக்' (அதே பாட்டை இன்னொரு முறை பாடிப் பதிந்தது) வந்ததும் உண்டு, ஒரு தட்டின் இரு முகமும் வெவ்வேறு ஆண்டில் பதிந்ததும் உண்டு. டார்ச்சைப் பக்கவாட்டில் காட்டினால் பொறிப்பு நிழலோடு எழுந்து வரும், அப்படியே படம் எடுத்துவிடுங்கள். ஹெச்.எம்.வி. தட்டில் எண்ணுக்குப் பின் சின்ன முக்கோணம் இருந்தால் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் முறையிலான மின் பதிவு, அதாவது 1925-க்கு முந்தையது அல்ல. சதுரம் இருந்தால் அதற்கும் பின்னால் வந்த புளூம்லைன் முறை.

கோப்பின் பெயரில் நிறுவனம், விற்பனை எண், மேட்ரிக்ஸ் எண் மூன்றும் வரட்டும். கூடவே ஒரு குறிப்பு: லேபிளில் உள்ளபடியே பெயரும் எழுத்துப்பிழையும், ஸ்டைலஸ் அளவு, வேகம், வளைவு, என்னென்ன நீக்கினீர்கள் என்பவை. லேபிளின் பிழையைத் திருத்தி எழுத விரும்பினால் தனி வரியில் எழுதுங்கள், மூலத்தின் மேல் அல்ல. தேடுகிறவர்கள் அந்தப் பிழையோடும்தான் தேடுவார்கள்.

பதிப்புரிமை நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 70 ஆண்டு, ஆனால் 1963-க்கு முன் வெளியானவற்றின் காலம் பழைய 50 ஆண்டு விதியிலேயே முடிந்துவிட்டது. அமெரிக்காவில் 2018-ல் வந்த சட்டத்தின்படி 1923-க்கு முந்தையவை 2022 சனவரி முதல் பொதுவுடைமை, 1923 முதல் 1946 வரை வெளியானவற்றுக்கு நூறு ஆண்டு கணக்கு. இது பதிவுக்கான உரிமை மட்டும். பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் தனி உரிமை உண்டு. இந்தியாவில் அது அவர் இறந்த பின் 60 ஆண்டு. பதிவு பொதுவுடைமையாகியும் பாட்டு ஆகாமல் இருப்பது சாதாரணம். இணையத்தில் ஏற்றும் தளம் எந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். காலம் முடியாதவற்றை ஏற்றாமல், விவரப் பட்டியலை மட்டும் வெளியிடலாம். ஆய்வாளருக்குப் பல நேரம் தட்டு இருக்கிறது என்ற தகவலே போதும்.

ஏற்றும்போது சுத்தம் செய்த நகலோடு, தொடாத முதல் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். பத்தாண்டு கழித்து வேறொருவர் கையில் இதைவிட நல்ல கருவி இருக்கும். கோப்புகளுக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். ஒரே தட்டின் இரட்டைப் பிரதி கைக்கு வந்தால் உடனே வேறொருவரிடம் மாற்றிவிடாதீர்கள். இரண்டையும் ஓட்டிப் பதிந்து, ஒன்றில் சில்லு பெயர்ந்த இடத்தை மற்றதிலிருந்து ஒட்டிக்கொண்டு, எந்த நொடி எந்தப் பிரதியிலிருந்து வந்தது என்று குறித்துவிட்டு, அதன் பிறகு மாற்றுங்கள்.